எண்ணெய் குடித்த தளம்

விமலாவைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லாதவர்கள் புக்கிட் பெலிம்பிங் ஊரில் ஒருவரும் இல்லை. சொல்கிறவர்கள் மேல் குற்றம் சொல்லவும் முடியாது. இடி இடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போவாள். பின்னால் லோரி வந்தால் மோட்டார் சைக்கிளை ஓரம் கட்டி, அது போய் மறையும்வரை கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். செம்பனைக் காட்டு வழியே ஒற்றையாகப் போகச் சொன்னால், ஒரு மைல் சுற்றிக்கொண்டு பெரிய ரோட்டில் போவாள். குளியலறையில் தவளை இருந்தால் அன்றைக்குக் குளியலே கிடையாது. அவள் பயந்ததில் பாதி நடக்கவில்லை. மீதிப் பாதியும் நடக்கவில்லை என்று அவள் தம்பி வாசு கேலி செய்வான்.

இந்த விமலாதான் சாரத்தின் மேல் ஏறி, அண்ணாந்து பார்த்தபடி, தலைக்கு மேலே சிமெண்டு பூசுகிறவள். ரவாங்கிலும் பத்தாங் காலியிலும் எத்தனையோ வீடுகளின் மேற்பூச்சு அவள் கைப்பட்டது. "அவ்வளவு உசரத்துல நின்னு வேலை செய்றியே, அங்க மட்டும் பயமில்லையா?" என்று யாராவது கேட்டால், "பயந்துக்கிட்டேதான் பூசறேன்" என்பாள். அது வேடிக்கைக்குச் சொன்ன பதில் அல்ல. அவள் கைவேலை நன்றாக இருந்ததற்கே அந்தப் பயம்தான் காரணம்.

எஸ்டேட் லயத்தில் பிறந்தவள். அம்மா ரப்பர்ப் பால்மரம் வெட்டவும், பிறகு மரங்களை அழித்துச் செம்பனை நட்டபோது உரம் போடவும் போனவள். அம்மா வேலைக்குப் போன நேரமெல்லாம் வாசு இருந்தது விமலாவின் இடுப்பில். பன்னிரண்டு வயது வித்தியாசம். அவனுக்கு முதல் சோறு ஊட்டியது, முதல் செருப்பு வாங்கிக் கொடுத்தது, அவன் கிணற்றை எட்டிப் பார்த்தபோது கத்திக் கூப்பாடு போட்டது எல்லாம் இவள்தான். அவளுடைய பயத்துக்கு அரிச்சுவடியே வாசுதான் என்று சொல்லலாம்.

தோட்டத்தைத் துண்டாடி வீடமைப்புக்கு விற்றபோது விமலா கட்டடத்து வேலைக்குக் கலவை சுமக்கப் போனாள். அங்கேதான் கொத்தனார் செல்லையா அவளைப் பார்த்தான், கட்டிக்கொண்டான். ஒருநாள் மேற்பூச்சுக்காரன் வரவில்லை. கொத்தனார்கள் எல்லோரும் ஆளுக்கொரு வேலை இருப்பதுபோல் நழுவினார்கள். மேற்பூச்சை யாரும் விரும்புவதில்லை. கழுத்து ஒடியும், கண்ணில் சிமெண்டு விழும், அப்பியதில் பாதி மூஞ்சியிலேயே திரும்பி வரும். செல்லையா கரண்டியை விமலாவிடம் நீட்டினான். அவள் நடுங்கிக்கொண்டே வாங்கினாள். அன்றைக்கு அப்பியது இன்னும் அங்கேயே இருக்கிறது.

செல்லையா உயரத்திலிருந்து விழுந்துவிடுவான் என்று அவள் பயப்படாத நாள் இல்லை. தினமும் சாரத்தின் கட்டுகளை அவளே இழுத்துப் பார்ப்பாள். அவன் விழவில்லை. ஒரு காலையில் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, காப்பிக்குச் சர்க்கரை கலக்கிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். பயந்த பக்கம் வராமல் பயப்படாத பக்கம் வந்தது சாவு. அதற்குப் பிறகுதான் விமலா எல்லாப் பக்கமும் பயப்படத் தொடங்கினாள். பிள்ளையும் இல்லை. மிஞ்சியது வாசுவும், வாசுவின் மனைவி பிரேமலாவும், அவர்களுடைய மகள் துளசியும்தான்.

வாசு லோரி ஓட்டுகிறவன். செகிஞ்சானிலிருந்து நெல்லும் அரிசியும் ஏற்றிக்கொண்டு போவான். அக்காவுக்கு எவ்வளவு பயமோ அவ்வளவு துணிச்சல் அவனுக்கு. நிலம் வாங்கி வீடு கட்டத் தொடங்கியபோது, ஓட்டுக்கூரை வேண்டாம், கான்கிரீட் தளம் போடுகிறேன், பின்னால் மாடி எடுக்கலாம் என்றான். தளம் போட்ட சமயத்தில் விமலா பத்தாங் காலியில் ஒரு வேலையில் மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் திரும்பி வந்தபோது முட்டுக்கம்புகளும் பலகைகளும் கழற்றப்பட்டு, தளத்தின் அடிப்பக்கம் சாம்பல் நிறத்தில் வழுவழுவென்று இருந்தது.

"மேற்பூச்சு நீதான்க்கா பூசணும். வேற கை படக்கூடாது" என்றான் வாசு. 

மேற்பூச்சுக்கு ஒரு முறை இருக்கிறது. சுவர்ப்பூச்சு கோபித்துக்கொண்டால் காலடியில் கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். மேற்பூச்சு கோபித்தால் சொல்லாமல் கொள்ளாமல் பாளம் பாளமாகத் தலையில் வரும். அதனால் முதலில் தளத்தை உளியால் அம்மைத் தழும்பு மாதிரி கொத்திவிட வேண்டும். பூச்சு பிடித்துத் தொங்குவதற்கு அதுதான் பிடி. தூசு போகக் கழுவி, ஈரம் இருக்கும்போதே சிமெண்டைப் பால்போலக் கரைத்து அடித்து, அது காய்வதற்குள் கலவையை வீசி அப்ப வேண்டும். மெல்லிசாக ஒரு கை. இறுகிய பிறகு இன்னொரு கை. கடற்கரை மணலைத் தொடவே கூடாது, உப்பு. பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துப் பழைய ஈயச் சுரங்கக் குட்டை மணலைச் சலித்துத்தான் விமலா கலவை போடுவாள்.

இதில் கொத்தும் வேலையில்தான் இடி விழுந்தது. ஆனி பிறக்க இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. ஆனியிலும் ஆடியிலும் யாரும் புதுவீடு புக மாட்டார்கள். ஆடி போனால் வாசுவுக்கு வேறு ஏதோ கணக்கில் நல்ல நாள் அமையவில்லை என்று ஐயர் சொல்லிவிட்டார். வைகாசிக் கடைசியில் ஒரு முகூர்த்தம், அதை விட்டால் தை. அதுவரை வாடகை வீட்டில் இருக்கப் பிரேமலாவுக்கு மனமில்லை.

"அத்தனையும் கொத்திக்கிட்டு இருந்தா எப்பக்கா பூசுறது, எப்பக்கா காயுறது? கண்ணாடி மாரி இருக்குலா தளம்" என்றான் வாசு.

விமலா ஏணியில் ஏறி உற்றுப் பார்த்தாள். பலகை ஒட்டாமல் வர வழக்கமாகப் பழைய இஞ்சின் எண்ணெய் தடவுவார்கள். தடவியிருந்தால் தளத்தில் கருங்கறை இருக்கும். கறை இருந்தால் முழுவதையும் கொத்தாமல் பூசக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும். ஒரு புள்ளிக் கறை இல்லை. ஓரங்களை மட்டும் கொத்தினாள். கூடத்தின் நடுப்பகுதியை விட்டுவிட்டாள். கழுவும்போது நடுவில் தண்ணீர் இழுக்காமல் முத்து முத்தாக நின்றது. கான்கிரீட் நல்ல இறுக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஆயிரம் விஷயத்துக்குப் பயப்படுகிறவள், பயப்பட வேண்டிய அந்த ஒரு விஷயத்துக்குப் பயப்படவில்லை. இதை நினைத்தால் எனக்கே ஆத்திரம் வருகிறது.

புதுமனைப் புகுவிழா நாள் வந்தது. காலை வெயில் ஏறுவதற்குள் வாசலில் வாழை மரம், மாவிலைத் தோரணம், முன்வெளியில் கூடாரம், அதன் கீழ் சிவப்பு நாற்காலிகள். கூடத்தின் நடுவில் செங்கல் அடுக்கி ஓமகுண்டம் தயாராக இருந்தது. அண்ணாந்து பார்த்தவர்கள் எல்லோரும் மேற்பூச்சைப் புகழ்ந்தார்கள். வெள்ளையடித்த தளம் இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி இருந்தது.

விமலா அதைக் கேட்க அங்கே இல்லை. அவர்கள் இருவருக்கும் அத்தையான இராஜம்மா, விடிந்ததும் விடியாததுமாக அவள் தோளைத் தொட்டு, "நீ பின்கட்டுல இரும்மா. தப்பா நெனச்சுக்காத. நல்ல காரியம் பாரு" என்று சொல்லியிருந்தாள். விமலா தப்பாக நினைக்கவில்லை. அவளுக்கு அது பழகிப்போயிருந்தது. நமக்குத்தான் பழகவில்லை. தளம் பூச விதவையின் கை ஆகும், அந்தத் தளத்தின் கீழே நிற்க விதவை ஆகாதாம்.

சமையல்கட்டில் அவள் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பட்டுப்புடவை கட்டிய பிரேமலா, மனையில் உட்காரக் கூப்பிடும்வரை அங்கே வந்து நின்றாள். சந்தோஷத்தில் அவளுக்கு வாய் ஓயவில்லை. அவள் ரோட்டோரத்தில் வடையும், பீசாங் கோரேங் என்கிற வாழைப்பழப் பஜ்ஜியும் போட்டு விற்கிறவள்.

"அத்தை, இந்த வீட்டுல என் கடைக்கும் பங்கு இருக்கு தெரியுமா?" என்றாள் இராஜம்மாவிடம். "கடையில பொரிச்சு மிஞ்சுன எண்ணெயெல்லாம் தகரத்துல சேத்து வெச்சிருந்தேன்ல? உங்க மருமவன் அதத்தான் தளத்துப் பலகைக்கு அடிச்சாரு. கறுப்பு எண்ணெ அடிச்சா வீடு அசிங்கமாயிரும்னுட்டு. பலக என்னா அழகா கழண்டு வந்துச்சுங்கிறீங்க!"

இராஜம்மா சிரித்தாள். "அதான் வீடே வடை வாசம் அடிக்குதா?"

விமலாவின் கத்தி நின்றது.

"எவ்வளவு அடிச்சான்?" என்றாள்.

"தாராளமாத்தான் அண்ணி. கூடத்துப் பலகைக்கு ஊத்தியே விட்டாரு."

வெளியே ஐயர் கூப்பிட்டார். பிரேமலா துளசியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். விமலா கத்தியைக் கீழே வைத்தாள். தண்ணீர் முத்து முத்தாக நின்றது ஏன் என்று இப்போது புரிந்தது. பொரித்த எண்ணெய் கறை காட்டாது. கான்கிரீட் அதைக் குடித்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி இருக்கும். அதன் மேல் அடித்த சிமெண்டுப் பாலுக்கும் தளத்துக்கும் நடுவில் எண்ணெய் உட்கார்ந்திருக்கிறது. கொத்திய ஓரங்கள்தான் அந்தப் பூச்சைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. நடுவில் ஒன்றும் தாங்கவில்லை. நடுவுக்கு நேர் கீழே இப்போது நெருப்பு மூட்டப் போகிறார்கள்.

சூடு பட்டால் என்ன ஆகும்? ஈரம் முழுக்கக் காயாத பூச்சு. உள்ளே எண்ணெய். ஒருவேளை ஒன்றும் ஆகாது. ஒருவேளை ஒரு வருஷம் கழித்து விழும். ஒருவேளை இன்றைக்கே. அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் பாதிப் பயம் போயிருக்கும்.

கூடத்துக்கும் பின்கட்டுக்கும் நடுவிலுள்ள நிலைவாசலில் போய் நின்றாள். ஓமம் எரியத் தொடங்கியிருந்தது. ஐயர் நெய்யை ஊற்ற ஊற்ற நெருப்பு எழும்பியது. மனையில் வாசு, பக்கத்தில் பிரேமலா, அவள் மடியில் துளசி. சுற்றிலும் பாயில் உறவினர்கள். புகை மேலே போய்ப் பூச்சில் மோதி நாலாபக்கமும் பரவியது. விமலாவின் கண் அந்த இடத்தை விட்டு அகலவில்லை.

தோரணம் கட்டிய மூங்கில் கம்பு சுவரோரம் சாத்தியிருந்தது. அதை எடுத்தாள். எல்லோர் பார்வையும் நெருப்பில் இருந்தது. முதலில் சுவரோரமாகக் கம்பின் நுனியால் மேலே தட்டினாள். கெட்டியான சத்தம். ஓரம், கொத்திய இடம். கம்பைச் சாய்த்து நடுவை நோக்கிக் கொஞ்சம் நீட்டித் தட்டினாள். காலிப் பானையைத் தட்டியதுபோல் சத்தம் வந்தது. தட்டிய இடத்திலிருந்து இரண்டு பக்கமும் தலைமுடி போல ஒரு கீறல் ஓடியதை அவள் கண்ணாலேயே பார்த்தாள். மாவு மாதிரி கொஞ்சம் தூள் விழுந்து, பூத்தட்டில் படிந்தது.

"அடியே, என்னாடி பண்ற?" இராஜம்மா ஓடிவந்து கம்பைப் பிடுங்கினாள். குரலைத் தாழ்த்திச் சீறினாள். "ஓமம் நடக்கற எடத்துல கம்ப வெச்சுக்கிட்டு, அதுவும் நீ!"

"அத்தை, மேல ஒட்டல. விழுந்துரும். எல்லாரையும் வெளிய வரச் சொல்லுங்க."

"வாயக் கழுவு. புது வீட்டுல நின்னுக்கிட்டு விழுந்துரும்ங்கிற."

விமலா அவளை விலக்கிக்கொண்டு குனிந்தபடி வாசுவின் பின்னால் போனாள். விதவை மனைக்குப் பக்கத்தில் வந்ததைப் பார்த்துப் பாயில் இருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். அவள் அவன் காதில் சொன்னாள். "தம்பி, எந்திரி. பிள்ளையத் தூக்கிக்கிட்டு வெளிய போ. மேல பூச்சு பிடிக்கல. நீ எண்ணெ அடிச்சிருக்க."

வாசுவின் கையில் தர்ப்பை, மணிக்கட்டில் காப்பு. ஐயர் மந்திரத்தை நிறுத்தாமல் முறைத்தார்.

"அக்கா," என்றான் அவன், பல்லைக் கடித்துக்கொண்டு, ஆனாலும் அன்பாகத்தான். "இன்னைக்கி ஒரு நாளாச்சும் பயப்படாம இருலா. போக்கா."

"தட்டிப் பாத்தேன்டா. நெசம்டா."

"போன வருசம் கோயில் கோபுரம் சாயுதுன்ன. என் லோரி பிரேக் போயிருச்சுன்ன. எதாச்சும் நடந்துச்சாக்கா? போ, பிரேமா பயந்துருவா."

ஐயர் பூரணாகுதிக்குத் தேங்காயை எடுத்தார். எல்லோரும் எழுந்து கிட்ட வந்து சுற்றி நிற்க வேண்டிய நேரம். பாயில் இருந்தவர்கள் எழுந்தார்கள். கூடாரத்தில் இருந்தவர்களும் உள்ளே வரத் தொடங்கினார்கள். அத்தனை தலையும் அந்தக் கீறலுக்கு நேர் கீழே கூடுகிறது. துளசி அண்ணாந்து பார்த்துக் கண்ணைக் கசக்கினாள். இன்னும் கொஞ்சம் தூள் விழுந்தது.

விமலா சுற்றிலும் பார்த்தாள். பூச்சு என்றாள், கேட்கவில்லை. விழும் என்றாள், வாயைக் கழுவு என்றார்கள். இவர்களுக்கு எதைச் சொன்னால் புரியும்? அவளுடைய பயம் யாருக்கும் பயமில்லை. இவர்கள் எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் இருக்கிற பயம் எது?

"பாம்பு!" என்று வீறிட்டாள். "ஐயோ, பாம்பு! மனைக்கு அடியில போச்சு! கருநாகம்!"

பாம்பென்றால் படையும் நடுங்கும். செம்பனைக் காட்டோரத்து ஜனங்களிடம் அதை இரண்டு தரம் சொல்ல வேண்டியதில்லை. பாய் உருண்டது, தாம்பாளம் கவிழ்ந்தது, தேங்காய் ஓடியது. பிரேமலா துளசியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பட்டுப்புடவை தடுக்கத் தடுக்க ஓடினாள். இராஜம்மா தன் முழங்கால் வலியோடு எல்லோருக்கும் முன்னால் வாசலைத் தாண்டினாள். ஐயர் நெய்க்கரண்டியோடு ஓடினார். கண்மூடித் திறப்பதற்குள் கூடம் காலி. விமலாவும் ஓடி முற்றத்தில் நின்று, பிரேமலாவையும் பிள்ளையையும் தொட்டுப் பார்த்தாள். அப்பாடா என்று இருந்தது.

அந்த 'அப்பாடா' முழுசாக வெளியே வரவில்லை. வாசுவைக் காணோம்.

"வாசு எங்க?"

"அவரு பாம்ப அடிக்கத் திரும்பிப் போயிட்டாரு" என்றாள் பிரேமலா.

 அக்காவின் பயத்தையெல்லாம் சிரித்து ஒதுக்கியே வளர்ந்தவன் அவன். பாம்பு என்றால் மற்றவர்கள் வாசலுக்கு ஓடுவார்கள், அவன் கம்பைத் தேடி ஓடுவான். இது அவளுக்குத் தெரியாதா? இடுப்பில் தூக்கி வளர்த்தவளுக்குத் தெரியாதா? தன் பொய்யே அவனைக் கொண்டுபோய் அந்த இடத்தில் நிறுத்திவிட்டது. வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். ஓமகுண்டத்துக்குப் பக்கத்தில் குனிந்து, மூங்கில் கம்பால் மனைப்பலகையைப் புரட்டிக்கொண்டிருந்தான். மேலே கீறல் விரல் போகிற அளவு வாய் பிளந்திருந்தது.

"வாசு, வெளிய வாடா!"

"இரு, இங்கதான் எங்கயோ இருக்கு."

 உள்ளே போகாதே என்று விமலாவின் உடம்பில் ஒவ்வொரு மயிரும் சொன்னது. அவள் போனாள். பயம் போய்விட்டதால் போனாள் என்று நினைக்க வேண்டாம். பயத்தோடுதான், பல் கிட்டித்துப்போய், அழுதுகொண்டே போனாள். போய் அவன் சட்டையில்லாத தோளை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

"பாம்பு இல்லடா. நான் பொய் சொன்னேன். வாடா. உன் கால்ல விழறேன், வாடா."

வாசு நிமிர்ந்தான். முதலில் அவனுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. கவிழ்ந்த தாம்பாளம், மிதிபட்ட பூ, வாசலில் எட்டிப் பார்க்கும் உறவுக்கூட்டம், பாதியில் நின்ற ஓமம் எல்லாவற்றையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தான். அவன் முகம் சிவந்தது. அப்படி ஒரு முகத்தை அவள் அவனிடம் பார்த்ததே இல்லை.

"பொய்யா? என் வீட்டு நல்ல காரியத்துல பொய்யா?" என்றான். "எல்லாரும் சொன்னாங்க, உன்ன உள்ள விடாதன்னு. எங்கக்கா, அவ கை பட்டாதான் விளங்கும்னு சொன்னேன். இப்பிடிப் பண்ணிட்டியே."

"பண்ணிட்டேன்தான். வெளிய வந்து திட்டுடா."

"விழுந்துருமா? எங்க விழுது? பாப்போம். எல்லாரும் பாருங்க!"

அவன் கம்பை இரண்டு கையாலும் ஓங்கி மேலே ஒரு இடி இடித்தான்.

சத்தம் பெரிதாக வரவில்லை. பழந்துணி கிழிவதுபோல் ஒரு ஓசை, அவ்வளவுதான். விமலா மேலே பார்க்கவில்லை. பார்த்தால் கால் நின்றுவிடும் என்று தெரியும். தலையைக் குனிந்து, கலவைத் தொட்டி சுமந்து பழகிய தோளால் அவன் விலாவில் முட்டித் தள்ளினாள். வாசு தடுமாறிச் சுவரோரம் போய் விழுந்தான். கூடத்தின் நடுப்பூச்சு முழுவதும் ஒரே பாளமாக இறங்கியது. ஓமகுண்டம் நசுங்கி நெருப்பு அணைந்தது. வெள்ளைத் தூசியில் ஒன்றும் தெரியவில்லை.

வெளியே பிரேமலாவின் அலறல் கேட்டது. ஆட்கள் ஓடிவந்து பாளங்களைப் புரட்டினார்கள். விமலா குப்புறக் கிடந்தாள். பாளத்தின் விளிம்பு இடது தோளிலும் முதுகிலும் இறங்கியிருந்தது. தலை தப்பியது. தூக்கிக்கொண்டு வந்து கூடாரத்தில் நாற்காலிகளைச் சேர்த்துப் படுக்க வைத்தார்கள். தோள்பட்டை எலும்பு முறிந்திருக்கிறது என்று கை தொங்கிய விதத்திலேயே தெரிந்தது. ஆம்புலன்சுக்கு யாரோ போன் செய்தார்கள்.

விழுந்த பாளம் ஒன்றை ஒரு ஆள் வெளியே கொண்டுவந்து போட்டார். தளத்தை ஒட்டியிருந்த அதன் முதுகு, கை வைத்தால் வழுக்குகிற மாதிரி மினுமினுவென்று இருந்தது. வெயில் பட்டதும் அதிலிருந்து வடைச்சட்டி வாசனை வந்தது. பிரேமலா அதை முகர்ந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். துளசியை மடியில் வைத்துத் தான் உட்கார்ந்திருந்த மனைப்பலகை இரண்டாகப் பிளந்து கிடந்ததையும் அவள் பார்த்திருந்தாள்.

விமலா இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தாள். "யாரும் உள்ள போயிராதீங்க. அறையிலயும் அதே எண்ணெதான். பிள்ளையப் பிடிச்சுக்க பிரேமா, ஓடிரப் போறா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. கூடாரத்திலிருந்த ஆண்கள் எழுந்து போய் வாசற்படியில் நாற்காலிகளைக் குறுக்கே போட்டு வழியை அடைத்தார்கள். இராஜம்மா தன் முந்தானையால் விமலாவின் முகத்துத் தூசியைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

வாசு அக்காவின் காலடியில் மண்ணில் உட்கார்ந்திருந்தான். மேலெல்லாம் சுண்ணாம்பு. யாரோ கொடுத்த காப்பியை வாங்கியவனுக்குக் குவளையை வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. கை அந்த ஆட்டம் ஆடியது. கீழே வைத்துவிட்டான். அவன் நடுங்கி விமலா பார்த்தது அதுதான் முதல் தடவை. அவளுக்கு அது சந்தோஷமாக இல்லை. வேண்டாம், இது எனக்கே இருக்கட்டும், இவனுக்கு வேண்டாம் என்றுதான் தோன்றியது.

"அக்கா," என்றான். குரல் உடைந்திருந்தது. "பாம்புன்னு ஏன்க்கா பொய் சொன்ன? பூச்சு விழப் போவுதுன்னு என்கிட்ட நெசத்தச் சொல்லியிருக்கலாம்லா?"

விமலா நல்ல கையை நீட்டி அவன் தலையிலிருந்த தூளைத் தட்டிவிட்டாள்.

"மொதல்ல அதத்தாண்டா சொன்னேன்" என்றாள்.